வண்டியில் எடம் இல்லைங்க

9 ஜூன், ஞாயிறு

தட்டு வேலை முடிந்தது. மூன்று ஞாயிறு போயிற்று, ஆனால் பார்த்தால் கண் படும். ஆம்னி வேனின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு இடது பக்கம் நான்கு அடுக்கு, வலது பக்கம் பதினொரு டிராயர். ஒவ்வொரு ஸ்பேனரையும் பலகைமேல் வைத்துச் சுற்றிலும் சிவப்புப் பெயிண்டில் கோடு இழுத்திருக்கிறேன். எதை எங்கே மறந்துவிட்டு வந்தேன் என்று பலகையே சொல்லிவிடும். ஒரு விரல் நுழைய இடம் விடவில்லை. எங்கள் கணபதிப் பகுதியில் இந்த மாதிரி வண்டி வேறு எவனிடம் இருக்கிறது?

லோகு எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, ஒரு பக்கமாச்சு காலியா உடக் கூடாதுங்களா?"

"எதுக்கு?"

"எதுக்கோ."

கட்டிய மனைவி சொல்கிற காரணம் இது. எதுக்கோவாம்.

சர்வீஸ் சென்டரில் பன்னிரண்டு வருஷம் பம்பு பிரித்தவன் நான். போன மாதம், சொந்தமாகத் தொழில் செய்ய, வேலையை விட்டேன். மேனேஜர் நரசிம்மலு தங்கமான மனுஷன், அதுதான் எரிச்சல். "ஜூன் முடியற வரைக்கும் உன் எடத்துல யாரையும் போடலை மதன். முடியலைன்னா வெக்கப்படாம வந்துரு" என்றார். அதற்கு நான் அந்தப் பம்பைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கிவிடலாம்.

12 ஜூன்

வேனுக்குள் சற்றுக் கண்ணயர்ந்தேன். எழுந்து பார்த்தால் என் தலையையும் தோளையும் சுற்றி சாக்பீஸ் கோடு. மேலே "மெக்கானிக்" என்று கொட்டை எழுத்தில் லோகு எழுதியிருக்கிறாள். எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டுமாம்.

14 ஜூன், வெள்ளி

பூஜை போட்டாயிற்று. நான்கு எலுமிச்சம்பழமும் சுத்தமாக நசுங்கின. நல்ல சகுனம்.

18 ஜூன்

கிணத்துக்கடவு. ஆறுச்சாமி அய்யாவின் தென்னந்தோப்பு. நான் எதிர்பார்த்த அழைப்பு இதுதான். பங்காளிகள் தோட்டத்தையும் சேர்த்தால் பதினான்கு போர்வெல் மோட்டார், அத்தனைக்கும் ஒரே ஆளைத் தேடுகிறார். இது மட்டும் அமைந்துவிட்டால் நரசிம்மலுவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம்.

மோட்டாரை மேலே ஏற்றிப் பார்த்தால் கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருந்தது. வெட்டி, புது இணைப்பு போட்டு, மறுபடி இறக்கி ஓட்டினேன். தண்ணீர் தொட்டியை உடைக்கிற மாதிரி விழுந்தது. அய்யா என் சிவப்புக் கோடுகளைப் பார்த்து, "ஆஸ்பத்திரியாட்ட வெச்சிருக்கறயே கண்ணு" என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை.

கிளம்பும்போது அவர் வீட்டம்மா சென்னியம்மாள் ஒரு வாழைத்தாரையும் பத்துத் தேங்காயையும் கொண்டுவந்து வைத்தார். தார்க் காம்பில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. பிளைவுட்டில் பட்டால் கறை போகுமா? அதோடு சென்டரில் பன்னிரண்டு வருஷப் பழக்கம், வாடிக்கையாளரிடம் கை நீட்டினால் மெமோ.

"வேண்டாமுங்க. வண்டியில எடம் இல்லைங்க" என்றேன், பணிவாகத்தான்.

அந்தம்மா என்னையும் மோட்டார் ரூமையும் மாறி மாறிப் பார்த்தார்.

20 ஜூன்

போன் இல்லை.

21 ஜூன்

இன்றும் இல்லை. நானே அழைத்தேன். "பாக்கலாமுங்க தம்பி" என்றார் அய்யா. அன்றைக்குக் கண்ணு, இன்றைக்குத் தம்பி! என்ன ஆச்சு? வேலையிலே ஒரு குறை சொல்ல முடியுமா? மோட்டார் ஓடுதா இல்லையா? நான் என்னத்தப் பண்ணுனேன்?

லோகு துருவித் துருவிக் கேட்டாள். தாரைப் பற்றிச் சொன்னதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "குடுத்ததை வேண்டாம்னுட்டா வந்தீங்க? எங்கூர்ல அப்புடி வந்தா, இனி உங்க ஊட்டுச் சங்காத்தமே வேண்டாம்னு சொல்றாப்பலைங்க! மடியில வெச்சாச்சும் கொண்டாந்திருக்கோணும்."

"தாரையா, மடியிலயா?"

"ஆமாங்க. தலைமேல கூட வெக்கலாம். அங்கதான் நெறைய எடம் இருக்குதே."

23 ஜூன், ஞாயிறு

கீழ் இரண்டு அடுக்கைக் கழற்றினேன். என் கையால் போட்ட திருகு ஒவ்வொன்றையும் என் கையாலேயே. அதிலிருந்த ஸ்பேனர்கள் இப்போது ஒரு சாக்கில். சாக்கில்! எழுதவே வயிறு எரிகிறது. கழற்றிய பலகையில் வெறும் சிவப்புக் கோடுகள் மட்டும் பல்லை இளிக்கின்றன. லோகு வந்து அளந்தாள். "ரெண்டு தாரு, ஒரு பூசணி தாராளமா புடிக்குமுங்க." என்ன சந்தோஷம் அவளுக்கு!

24 ஜூன்

நேராகத் தோப்புக்கே போனேன். பின்கதவைத் திறந்து காட்டி, "அம்மா, அன்னைக்குத் தாரை விட்டுட்டுப் போனது என்னோட தப்புங்க. இப்ப எடம் பண்ணிப்போட்டு வந்திருக்கறனுங்க" என்றேன்.

சென்னியம்மாள் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது. "அட சாமி! ஒரு பழம் வாங்காம ஓடுனயா, என்னமோ மோட்டார்ல தப்புப் பண்ணிப்போட்டுக் கூச்சத்துல ஓடறயாட்ட இருக்குதுன்னு நெனைச்சுப்போட்டேன்!"

நினைத்ததோடு விடவில்லை. வேறு ஆளைக் கூப்பிட்டு, ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை ஐந்நூறு அடியிலிருந்து மறுபடி தூக்கி, நான் போட்ட இணைப்பைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வந்த ஆள் யார் தெரியுமா? சென்டரில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரன் கரீம்.

வெளியே வந்ததும் அவனுக்குப் போன் அடித்தேன். "வேலை சுத்தம்னு சொல்லிட்டேன்டா. உன்னை மாதிரி போட எங்க சென்டர்ல இப்ப ஆள் இல்லைன்னும் சொன்னேன்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்தத் தாரு?" என்றேன்.

"செம இனிப்பு."

அய்யா முடிவு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டு தேங்காய், இரண்டு சீப்பு, ஒரு பூசணி. வீட்டுக்கு வரும்வரை பூசணி உருண்டு உருண்டு டிராயர்களை இடித்துக்கொண்டே வந்தது. வண்டியை நிறுத்தவில்லை நான்.

29 ஜூன்

இன்னும் ஒரே நாள். சென்டர் சட்டையை லோகு துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். கேலி செய்யாமல். அதுதான் பயமாக இருக்கிறது.

1 ஜூலை, திங்கள்

நரசிம்மலுவிடமிருந்து இரண்டு அழைப்பு. கை முழுக்க கிரீஸ், எடுக்கவில்லை. மத்தியானம் கழுவிவிட்டுப் பேசினேன். "வரலைங்க சார்" என்றேன். "தெரியும், கரீம் சொன்னான்" என்றார்.

அய்யா காலையில் விடிந்ததும் விடியாததுமாகக் கூப்பிட்டிருந்தார். போனபோது அந்தம்மாதான் ஒரு கொத்துச் சாவியை என் கையில் வைத்தார். பதினான்கு மோட்டார் ரூம் சாவி. எது எந்தத் தோட்டம் என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறத்தில் பழைய சேலைத்துணியைக் கிழித்து முடிந்திருந்தார்.

"உன்றகிட்டயே இருக்கட்டும் கண்ணு," என்றார், "நாங்க ஊட்ல இல்லைன்னாலும் தொறந்து பாத்துக்க."