கண்டக்டர் கையில் வந்த கட்டி

தம்பி,

கச்சிராயபாளையம் போகும் சாலையை அகலப்படுத்துகிறார்கள். இன்று காலை அந்தப் பக்கம் நடந்து போனேன். வெட்டுப்பட்டுக் கிடந்த புளியமரத்தின் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் உன்னிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த காலம் அது. கரியாலூர் பஸ்ஸுக்கு நான் டிரைவர், நீ கண்டக்டர். நாம் மலைமேல் இருந்தபோதே கீழே மரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்துவிட்டார்கள். பஸ் கரியாலூரிலேயே நின்றது. டிக்கெட் கிழிக்க வேலையில்லாமல், மணிக்கட்டில் சுண்டைக்காய் அளவுக்கு எழுந்திருந்த கட்டியை நாளெல்லாம் தடவிக்கொண்டிருந்தாய். சூடு போட்டால் அமுங்கிவிடும் என்றார் மலைக்காரர் ஒருவர். "ஸ்பேனரால ஒரு தட்டு தட்டட்டுமா?" என்று நான் வேறு கேலி செய்தேன். நீ சிரிக்கவில்லை.

"எங்கப்பனுக்கும் இப்படி ஒரு கட்டிதாண்ணே மொதல்ல வந்துச்சு. புத்துநோயின்னாங்க, சீக்கிரமே போயிட்டாரு. பொண்ணு வூட்டுல சொல்லி கல்யாணத்த நிறுத்திடுண்ணே. அந்தப் பொண்ணு வாழ்க்கைய நான் இன்னாத்துக்குக் கெடுக்கணும்?"

உன் கல்யாணம் நான் பேசி முடித்தது. பத்திரிகை அடித்துப் பங்காளிகளுக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது. "டாக்டர் சொல்லட்டும், அப்புறம் நிறுத்தறேன். கெளம்புடா" என்று இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

வடக்கனந்தல் அருகே மறியலில் இருந்தவர்கள் நம்மை நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றதும் கோடாலி வைத்திருந்த ஒருவர் முன்னால் வந்தார். "இன்னா ஒடம்புக்கு? ரெண்டு பேரும் நல்லாத்தான நடந்து வர்றீங்க?" நீ கையை நீட்டினாய். அவர் குனிந்து பார்த்தார். பிறகு கோடாலியை மரத்தில் சாய்த்துவிட்டுத் தன் கையை உன் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அதே இடம், அதே மாதிரிக் கட்டி.

"நாலஞ்சு வருசமா கீது. வூட்டுல ஒருத்தருக்கும் காட்டல" என்றார் குரலைத் தாழ்த்தி. "டாக்டரு இன்னா சொன்னாருன்னு திரும்பி வர்றப்ப சொல்லிட்டுப் போப்பா."

கள்ளக்குறிச்சி டாக்டர் ஜன்னலைச் சாத்திவிட்டு உன் கட்டியின் பக்கவாட்டில் டார்ச் அடித்தார். கட்டி முழுக்கச் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. "உள்ள சதை இல்ல, கூழ் மாதிரி நீர்தான். மூட்டுல இருக்கிற பசை ஒரு பையா வெளிய தள்ளியிருக்கு. பேரு கேங்லியான். இது புத்து இல்ல" என்றார். வலியில்லாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம், தானாகவே வற்றினாலும் வற்றும். வலித்தால் ஊசியால் நீரை எடுக்கலாம், ஆனால் திரும்ப ஊறலாம். ரொம்பத் தொந்தரவானால் சின்ன ஆபரேஷன் என்றார். "தட்டி உடைக்கிறேன், சூடு போடுறேன்னு மட்டும் கிளம்பிடாதீங்க." நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ வெளியே வந்து சுவரில் சாய்ந்து சின்னப் பிள்ளையாட்டம் அழுதாய்.

மறுநாள் பஸ்ஸைப் பார்க்கத் திரும்பியபோது அந்த ஆள் வெட்டிச் சாய்த்த மரத்தின்மேல் குந்திக்கொண்டு சாலையையே பார்த்திருந்தார். நீ ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாய். "புத்து இல்லியாம்ண்ணே! வெறும் தண்ணிதானாம்! ஆனா ஒன் கையையும் ஒரு தடவ காட்டிடு. இன்னான்னு தெரியாமக் குந்தினு இருக்கறதுதாண்ணே ஆளக் கொல்லுது." அவர் உன் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

உன் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மறு வருஷமே கட்டி இருந்த இடம் தெரியவில்லை. பேரப் பிள்ளைகளைத் தூக்கிய கை அது.

போன மாதம் என் அக்குளில் ஒரு கட்டி தட்டுப்பட்டது, தம்பி. யாரிடமும் சொல்லாமல் ஒரு வாரம் சட்டைக்குள் கைவிட்டுத் தடவிக்கொண்டே கிடந்தேன். தூக்கம் போயிற்று. அப்போது நீ அந்த ஆளிடம் சொன்னதுதான் காதில் விழுந்தது; பையனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டேன். கொழுப்புக் கட்டி போலத்தான் இருக்கிறது, எதற்கும் சோதித்துவிடலாம் என்றார் டாக்டர். முடிவு இன்னும் வரவில்லை. பயமில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.