பதினாலு நொடிப் படமும் உன் தங்கையும்

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் கைகால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே அந்தக் குளிர்க் கிடங்கில் காதை மூடிக்கொண்டு, இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். போன வாரம் போனில் உன் குரல் கரகரத்ததே, வெந்நீர் குடித்தாயா இல்லையா? அப்பாவுக்கு முழங்கை வலி தேவலை. பேக்கரியில் புதிதாக மாவு பிசைகிற மெஷின் வந்துவிட்டதால் அடுப்படி வேலை மட்டும்தான் அவருக்கு. என் தையல் மெஷினின் மோட்டார் மட்டும் நடுநடுவே முனகுகிறது, அதுவும் என்னைப் போலத்தான், முனகிக்கொண்டே ஓடிவிடும். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு, அதைப் போனில் ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா, வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய், நானும் பாதியிலேயே விட்டுவிடுவேன். அதனால்தான் பேப்பர் எடுத்து உட்கார்ந்தேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். சின்னவள் காலையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறாள் என்று இரண்டு வருஷமாக உன்னிடம் சொல்லிவந்தேனே, அப்படி ஒரு வகுப்பே கிடையாது. அவள் கால்பந்து ஆடப் போகிறாள். நம் ஊர் கிளப்பின் பெண்கள் அணிக்கு அவள்தான் கோல்கீப்பர். நீ புறப்பட்ட அன்றைக்கு, பெட்டியைக் கட்டிக்கொண்டே, "இனிமே பந்து கிந்துன்னு அலைய வேண்டாம்னு சொல்லும்மா, நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க, நான் இங்க இருந்தா பார்த்துக்குவேன், அங்கேயிருந்து என்ன பண்ண முடியும்" என்று சொன்னாய். நீ அவளுக்குப் பயந்து சொல்லவில்லை, அவளுக்காகப் பயந்து சொன்னாய், அது எனக்குத் தெரியும். நானும் தலையாட்டினேன். அடுத்த வாரமே அவள் பூட்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள், நான் தடுக்கவில்லை. உன்னோடும் மல்லுக்கு நிற்க வேண்டாம், அவளையும் அழவிட வேண்டாம் என்று நடுவில் ஒரு வகுப்பைக் கட்டிவிட்டேன். அக்கம்பக்கத்தில் கேட்டாலும் அதையே சொன்னேன். இப்போது யோசித்தால், ஊர் பேசுவதற்கு முன்னாலேயே நான் வெட்கப்பட்டிருக்கிறேன் என்றுதான் தோன்றுகிறது.

போன மாதம் நம் சொந்தக்காரர்கள் குழுவில் நீ ஒரு வீடியோ அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா? பதினாலு நொடிதான். மழையில் நனைந்த மைதானம், பாதித் தூரத்திலிருந்து யாரோ உதைக்கிறார்கள், பந்து ஒரு குதி குதித்து வருகிறது, கோல்கீப்பர் குனிந்து பிடிக்கிறாள், பந்து கையிலிருந்து வழுக்கி இரண்டு காலுக்கும் நடுவே போகிறது, அவள் திரும்பிப் பாய்ந்து, சறுக்கி, பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறாள், பந்து அவள் கண்முன்னாலேயே மெல்ல உருண்டு கோட்டைத் தாண்டுகிறது. யாரோ ஒரு புண்ணியவான் அதற்குக் கோமாளி மியூசிக் வேறு போட்டிருந்தான். அதன் கீழே நீ எழுதியிருந்தது இதுதான்: "இதுக்குப் பேரு புட்பாலாம். இதுங்களுக்கெல்லாம் வீட்டுல வேலையே இல்லையா?" கூடவே நாலு சிரிக்கிற மூஞ்சி. அந்தப் படத்தில் முதுகுதான் தெரிகிறது, முகம் தெரியாது. அதனால்தான் உனக்கு அடையாளம் தெரியவில்லை. அது உன் தங்கைடா.

இப்போது உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிகிறது, உடனே போனை எடுக்காதே, மிச்சத்தையும் படி. உனக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன், உன் அப்பாவும் சிரித்தார். பேக்கரியில் கேக்குக்குக் க்ரீம் வைக்கிற பையன் போனை நீட்டியிருக்கிறான். இவர் கண்ணாடியில் மாவு படிந்திருக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார். கல்லாவில் இருக்கிற அம்மாதான் மெதுவாக, "அண்ணே, அது உங்க பொண்ணு இல்ல?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். சின்னவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்து, "நானும் சிரிச்சேன்டி" என்றார். அவர் அப்படி நேருக்கு நேர் ஒன்றை ஒப்புக்கொண்டு இருபத்தெட்டு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. அவள் நிமிர்ந்து பார்த்து, "பார்த்தா சிரிப்புத்தாம்ப்பா வரும், நானே சிரிச்சேன்" என்றாள். அப்புறம் தட்டைத் தள்ளிவிட்டு, "சிரிச்சது வலிக்கலப்பா. கீழ எழுதறாங்களே, அதுதான்" என்றாள்.

கீழே என்னென்ன எழுதியிருந்தார்கள் என்று நான் இங்கே எழுத மாட்டேன், என் கை கூசுகிறது. உடம்பைப் பற்றி, உடுப்பைப் பற்றி, அடுப்பைப் பற்றி. ஆட்டத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் எழுதவில்லை. அவளுக்கு ஊரில் ஒரு பட்டப்பெயரும் வந்துவிட்டது, "தொறந்த கதவு" என்று. அதே வாரம் அதே மைதானத்தில் ஆண்கள் அணி ஐந்து கோல் வாங்கித் தோற்றது. அவர்களுடைய கோல்கீப்பர் ஆறடி ஆள், அவன் கையிலிருந்தும் ஒரு பந்து வழுக்கி உள்ளே போனதாம். "தரை ஈரம், பாவம் அவன் என்ன செய்வான்" என்றார்கள். தரை இவளுக்கும் அதே ஈரம்தானே. உன் வரியையும் அவள் பார்த்தாள். சித்திதான் என்னிடம் சொன்னாள், குழுவில் சின்னவள் ஏதோ எழுதுவதும் அழிப்பதுமாக வெகுநேரம் காட்டிக்கொண்டிருந்ததாம், கடைசியில் ஒன்றும் வரவில்லையாம். என்னிடம் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மறுநாள் காலை பயிற்சிக்கும் போகவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒன்பது நாள் விடிந்தபிறகும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தாள். நம் வீட்டில் எப்போதும் அவள் சத்தம்தான் பெரிது, அந்த ஒன்பது நாளும் மெஷின் சத்தம் மட்டும்தான்.

அந்த நாட்களில் அவள் பையைத் துவைக்க எடுத்தபோதுதான் அந்தக் கையுறைகளைப் பார்த்தேன். முப்பது வருஷமாக ஊர் அளவையெல்லாம் எடுக்கிறவள் நான், பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, அவை அவள் கைக்கு உண்டானவை அல்ல. அந்த ஆறடி ஆள் கழித்துப் போட்டதைக் கிளப்பில் இவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். விரல் நுனியில் ஒன்றரை அங்குலம் காலி. மணிக்கட்டில் டேப் சுற்றிச் சுற்றி ஒட்டி ஒப்பேற்றியிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் அப்போதே கிளப்புக்குப் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். இவள் என்ன சொன்னாள் தெரியுமா, "கிளவுஸ் மேல பழியைப் போடாதம்மா. பந்து குதிக்கிறதை நான் தப்பா கணிச்சேன். அதுதான் நிஜம்" என்றாள். நான் கிளப்புக்குப் போகவில்லை. ஆனாலும் கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. தையலைப் பிரித்து, அவள் கையைப் பேப்பரில் வரைந்து, விரல் விரலாக அளவு குறைத்துத் தைத்தேன். உள்ளே ரப்பர் மாதிரி ஏதோ வைத்திருக்கிறார்கள், மூன்று ஊசி ஒடிந்தது. போட்டுப் பார்த்துக் கையை மூடித் திறந்தாள். அப்புறம் கழற்றிப் பையில் வைத்துவிட்டாள்.

பத்தாம் நாள் அவர்கள் கோச்சம்மா நேரே நம் வீட்டு முன்பக்கத் தையல் கடைக்கு வந்துவிட்டார். பகலில் தபால் ஆபீஸ் கவுண்டரில் இருப்பாரே, கட்டைக் குரல், அவரேதான். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். அவர் உட்காரவே இல்லை, எனக்குப் பின்னால் நின்றிருந்த இவளைப் பார்த்தார். "ரெண்டு காலையும் அப்படி அகட்டி வெச்சா பந்து போகாம என்ன செய்யும்? தாழ வர்ற பந்துக்கு ஒரு முட்டியை மடக்கி அடைன்னு எத்தனை தடவை கத்தியிருக்கேன்? நாளைக்கு அஞ்சரைக்கு நீ வரலேன்னா நான்தான் கோல்ல நிக்கணும், எனக்கு முட்டி வலி, சொல்லிட்டேன்" என்று பொரிந்து தள்ளிவிட்டுப் போய்விட்டார். பெண்ணை இப்படித் திட்டுகிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. திரும்பிப் பார்த்தால் இவள் அழுதுகொண்டே சிரிக்கிறாள். "ஆட்டத்தைப் பார்த்துட்டுத் திட்டினா சந்தோஷமா வாங்கிக்குவேம்மா" என்றாள். மறுநாள் நான் எழுந்திருக்கும்போது அவள் செருப்பு வாசலில் இல்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து எதிர்ப்பக்கத்து மருந்துக்கடைக்காரர் கால்சட்டை இடுப்பு தளர்த்த வந்தார். நல்ல மனிதர், உனக்குத்தான் தெரியுமே, சிறுவயதில் உனக்கு இருமல் மருந்தை ஊட்டிவிட்டதே அவர்தான். அவரும், "தப்பா நெனைக்காதீங்கம்மா, பொண்ணுங்க ஆட்டத்துல வேகமே இல்ல, பார்க்க முடியல" என்றார். அவர் கால்சட்டையும் என் கையில், ஊசியும் என் கையில், நானும் சும்மா இருக்கவில்லை. "எத்தனை ஆட்டம் பார்த்தீங்க?" என்று கேட்டேன். யோசித்தார். "போன்ல வந்த அதுதாம்மா" என்றார். "அப்ப பதினாலு செகண்டு. ஒரு ஆட்டம் தொண்ணூறு நிமிஷமாம். ஞாயித்துக்கிழமை வந்து மிச்சத்தையும் பார்த்துட்டுச் சொல்லுங்க. அது என் பொண்ணு" என்றேன். கம்ப்யூட்டர் வகுப்பு அத்தோடு முடிந்தது. சொன்ன பிறகுதான் நானும் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை என்பது உறைத்தது.

ஞாயிறு காலை நானும் அப்பாவும் போனோம். உட்காருவதற்கு ஒன்றும் கிடையாது, சுற்றுச்சுவர்தான். ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள், அதில் பாதி சிரிக்க வந்தவர்கள். இவள் பக்கம் பந்து போகும்போதெல்லாம் "தொறந்த கதவு, தொறந்த கதவு" என்று ஒரு கூட்டம் கத்தியது. அப்பா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. இவள் திரும்பியே பார்க்கவில்லை. தன் ஆட்களை அதட்டிக்கொண்டு, அங்கே போ, இங்கே நில் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு டம்ளரை எடுத்து வைக்க நூறு முறை சொல்ல வேண்டிய பெண்ணா இவள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பந்து மேல்மூலைக்குப் போனது, பக்கவாட்டில் பறந்து விரல் நுனியால் தட்டி வெளியே தள்ளினாள் பார், கத்திக்கொண்டிருந்த கூட்டமே "ஆ" என்றது. அப்படி ஏழெட்டுப் பந்து. வேகம் இல்லை என்று சொன்னவரைத் தேடினேன், சுவரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயித்தார்களா என்று கேட்பாய். இல்லை, இரண்டுக்கு ஒன்று தோற்றுவிட்டார்கள். ஆட்டம் முடிந்து முழங்காலெல்லாம் சேறாக அவள் எங்களிடம் வரும்போது மருந்துக்கடைக்காரர் குறுக்கே வந்தார். எனக்குத் திக்கென்றது. அவர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "பாப்பா, அந்த ரெண்டாவது கோலுக்கு நீ ரெண்டடி முன்னாடி வந்து நின்னிருக்கணும். உதைச்சவளுக்கு கோல் பூராவும் தெரிஞ்சுடுச்சு. உங்க நடு ஆட்டக்காரிங்களும் பாதிக்கு மேல மூச்சு வாங்கிட்டாங்க" என்று ஆரம்பித்தார். இவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே, "இல்ல அங்கிள், முன்னாடி வந்தா அவ தலைக்கு மேல தூக்கிடுவா" என்று மறுத்துப் பேச, அவர் மண்ணில் குச்சியால் கோடு போட, இருவரும் அரை மணி நேரம் சண்டை. நாங்கள் இரண்டு பேரும் சுவரோரம் காத்துக்கொண்டு நின்றோம். எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். அந்தப் படம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, நேற்றுகூடப் பேருந்து நிறுத்தத்தில் யாரோ பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். மைதானம் பெண்கள் அணிக்கு இன்னும் விடிகாலையில்தான், மாலை முழுக்க ஆண்களுக்குத்தான். ஆனால் அவள் போய்க்கொண்டிருக்கிறாள், அதுதான் சேதி.

பெரியவனே, உன்னைக் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை. தங்கை என்று தெரிந்திருந்தால் நீ அனுப்பியிருக்க மாட்டாய். ஆனால் யாரோ ஒருத்தி என்று நினைத்தபோது அனுப்பினாயே, அதை மட்டும் ஒருநாள் தனியாக உட்கார்ந்து யோசி, நானும் இங்கே யோசிக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈர உள்சட்டையோடு தூங்காதே, கூட வேலை செய்கிறவர்களிடம் வாயைக் கொடுக்காதே. நீ நோய்நொடி இல்லாமல், நல்ல பேரோடு, நிறைந்து வாழ வேண்டும், அம்மா அப்பா ஆசி உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது. நீ அவளிடம் மன்னிப்பு அது இது என்று பெரிய வார்த்தையெல்லாம் பேசி அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம். இது உன் கைக்குக் கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு, காலை பத்து மணிக்கு மேல் அவளுக்குப் போன் போட்டு, "இன்னைக்கு ஆட்டம் என்னாச்சு?" என்று கேள். அவள் சொல்லச் சொல்ல, குறுக்கே பேசாமல் கடைசிவரை கேள்.

என்றும் உன் நினைவாக,
உன் அம்மா
(சின்னவளின் அம்மாவும்)