பெயர் இல்லாத தாள்

சேரன்மகாதேவி
22.1.2025

அன்புள்ள கெசியா,

நலம் விசாரித்து எழுத மனசில்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் சக்திக்குக் காய்ச்சல் என்று உங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியிருக்கிறது. காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் அப்பா அவளை வீட்டில் நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தமிழ்ப் புத்தகத்துக்குள் ஒரு தாள் அவர் கண்ணில் பட்டது. "அம்மா, விடியுமுன் அவரோடு கிளம்பிவிடுவேன். ஆற்றுப்பாலம் தாண்டிய பிறகு திரும்பிப் பார்க்க மாட்டேன். என் சைக்கிளைப் பார்த்து அழாதே" என்று அவள் கையெழுத்தில் இருக்கிறது. நம் ஊர்ப்பக்கம் இப்படி ஒரு தாள் அகப்பட்டால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் கேட்டார், "யாருட்டி அவன்? பேரைச் சொல்லு."

இவள் சொன்னாள், "இதுல பேரு வரக்கூடாதுப்பா. டீச்சர் அப்படித்தான் சொல்லியிருக்காவ."

அவ்வளவுதான், கை நீட்டிவிட்டார். நான் அடுக்களை வாசலில் பார்த்துக்கொண்டு நின்றேன். பெயரை மறைக்கச் சொல்லிக் கொடுப்பதே டீச்சர்தான் என்று இப்போது உன் மேலும் கோபம். ராதாபுரத்திலிருக்கும் நாத்தனார் மகனுக்குத் தை முடிவதற்குள் நிச்சயம் பண்ணிவிட வேண்டும் என்று குதிக்கிறார். மார்ச்சில் பரீட்சை. பன்னிரண்டு வருஷப் படிப்பு இந்த ஒரு தாளில் போய்விடும் போலிருக்கிறது.

அது நீ கொடுத்த வீட்டுப்பாடம்தானா? ஆமென்றால் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடு. என் போன் அவரிடம் இருக்கிறது. உங்கள் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும் சாரம்மாள் அக்கா தினமும் எங்கள் வீட்டில்தான் பால் வாங்குகிறார்கள். அவர்கள் கையில் கொடுத்துவிடு.

உன்
சித்ரலேகா


பாளையங்கோட்டை
23.1.2025

அன்புள்ள சித்ரா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுத்த பாடவேளைக்கு எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. பயப்படாதே. அது என் வீட்டுப்பாடம்தான்.

கல்லூரியில் நாமும் படித்தோமே, உடன்போக்கு. காதலனோடு பெண் வீட்டைவிட்டுப் போவதும், பெற்றவள் புலம்புவதும். வருஷந்தோறும் அதை நடத்தியதும் சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுவேன். தலைவி, நற்றாய், செவிலி, தோழி, வழியில் கண்டவர்கள் என்று யாருக்கு எது வருகிறதோ, அவராக நின்று ஒரு பக்கம் எழுத வேண்டும். பழங்காலத்துப் பாலைநிலம் வேண்டாம், உங்கள் ஊர், உங்கள் தெரு வரட்டும் என்று சொன்னதும் நான்தான். அகப்பாட்டில் யார் பெயரும் வரக்கூடாது என்பது இரண்டாயிரம் வருஷத்து மரபு. அதை மீறினால் மதிப்பெண் குறைப்பேன் என்று மிரட்டியும் வைத்திருந்தேன். அந்தப் பிள்ளை அடி வாங்கியது என் மிரட்டலுக்காகத்தான்.

தலைமையாசிரியையிடம் சொன்னேன். எதையும் எழுத்தில் கொடுக்காதே, நாளைக்கு ஏதாவது ஆனால் பள்ளிக்கூடத்தின் தலையில் விடியும் என்கிறார்கள். கொடுத்தால் என் வேலைக்கே ஆபத்து வரலாம். ஆனாலும் கொடுப்பேன். யாருக்கு எந்தச் சீட்டு என்று ஒரு நோட்டில் குறித்திருக்கிறேன், அதைப் பார்த்து முறையாக எழுதித் தருகிறேன். இரண்டு நாள் பொறு. கர்த்தர் கைவிட மாட்டார்.

கெசியா


சேரன்மகாதேவி
25.1.2025

கெசியா,

இரண்டு நாள் என்றாய், சாரம்மாள் அக்கா இன்றைக்கும் வெறுங்கையோடு வந்தார்கள். ஆபத்துக்கு உதவாத பிள்ளை என்று ஆரம்பிக்கும் பழமொழியை உனக்குச் சொல்ல வைக்காதே.

ராதாபுரத்திலிருந்து வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். சக்தி சரியாகச் சாப்பிடுவதில்லை. என்னோடும் பேசுவதில்லை. நான் அவளிடம் எதையும் கேட்கவும் இல்லை, கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயமாக இருக்கிறது.

சீக்கிரம் எழுது.

சித்ரா


பாளையங்கோட்டை
27.1.2025

அன்புள்ள சித்ரா,

இந்த உறையில் இரண்டு தாள் இருக்கிறது. கையெழுத்தும் தேதியும் போட்டது உன் வீட்டுக்காரருக்கு. இது உனக்கு மட்டும், படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நோட்டைப் பார்த்தேன். சக்திக்கு விழுந்தது தலைவிச் சீட்டு இல்லை, நற்றாய்ச் சீட்டு. பெற்ற தாயாக நின்று எழுத வேண்டியவள் அவள். அப்படி ஒரு தாளை அவள் என்னிடம் தரவே இல்லை. அப்படியானால் உங்கள் கையில் அகப்பட்டது என் பாடம் இல்லை. மூன்று நாளாக இதை வைத்துக்கொண்டுதான் திண்டாடினேன். கடைசியில் தலைவியாக எழுதச் சொன்னேன் என்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் வாழ்நாளில் எழுதிக் கொடுத்த முதல் பொய் இதுதான். அவள் பரீட்சை எழுதட்டும்.

ஆனால் உன்னிடம் மறைக்கக் கூடாது. அந்த ஆற்றுப்பாலம், அந்தச் சைக்கிள், இதெல்லாம் சும்மா எழுத வருகிற வரிகள் இல்லை. யாரோ ஒருவன் இருக்கிறான். பைய விசாரி. அவள் மேல் ஒரு கண் வைத்துக்கொள்.

கெசியா


நாங்குநேரி
30.1.2025

கெசியா,

ஊர் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். எல்லாம் சொல்கிறேன்.

உன் சான்றிதழை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சவ. எழுதிக் குடுக்கத்தான் செய்வா" என்று தன் உரக்கடை மேசைக்குள் போட்டுவிட்டார். உன் வேலையைப் பணயம் வைத்துப் போட்ட கையெழுத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

உன் இன்னொரு தாளை அடுப்பில் போடவில்லை. சக்தி கையில் கொடுத்து, யாருட்டி அவன் என்று நானும் கேட்டேன். அவள் முழுசாகப் படித்தாள். அழவில்லை. சீட்டைக் கூடப் படிக்கிற ஃபர்ஹத்தோடு மாற்றிக்கொண்டேன் என்றாள். அந்தப் பெண்ணின் தாளை எடுத்துப் பார், நற்றாயாக எழுதியிருப்பாள். உனக்கு விழுந்ததை ஏன் எழுதவில்லை என்று சக்தியிடம் கேட்டேன்.

"அம்மாவா எழுத எனக்கு வரலம்மா. நான் போயிட்டா நீங்க என்ன நெனைப்பியன்னு எனக்குத் தெரியல. நீங்க மனசுல இருக்கத ஒருநாளும் சொன்னதில்லயே."

அடி வாங்கும்போது வாசலில் நின்றவள் மனசில் என்ன இருக்கிறது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

யாரும் இல்லை கெசியா. பிள்ளை நன்றாக எழுதிவிட்டாள், அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். அவள் அப்பா நம்பவில்லை, அவர் வளர்ந்த விதம் அப்படி. நான் நம்பவில்லை, எனக்குப் பயம். நீ டீச்சர். உங்கள் ஊரை எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, எழுதியதும் சந்தேகப்பட்டாயே. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அவரிடம் மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்கு என்ன பலகாரம் என்று கேட்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் சக்தியைக் கூட்டிக்கொண்டு என் அண்ணன் சிவசண்முகம் வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ நடத்துகிற பாட்டில் பெண்ணோடு பெற்றவளும் கிளம்பிப் போனதாக எங்காவது இருக்கிறதா? இருந்தால் சொல். அவர் இன்னும் அண்ணனிடம்கூடப் பேசவில்லை. என்ன ஆகும் என்று தெரியாது. பரீட்சை முடிகிறவரை இங்கேதான் இருப்போம், தினமும் பாளையங்கோட்டைக்கு நானே கொண்டுவந்து விடுவேன்.

இந்தக் கடிதத்தை ஒட்டாமல் சக்தியிடமே கொடுத்திருக்கிறேன். நீ படித்து முடிக்கும்வரை உன் மேசை முன்னால் நிற்கச் சொல்லியிருக்கிறேன். நிமிர்ந்து பார்த்து அவளிடம் மன்னிப்புக் கேள். நான் நேற்றே கேட்டுவிட்டேன்.

சித்ரலேகா