இப்போது எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் பின் போடுகிறோம்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் கை கால் முழுதாக இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நல்லபடியாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் வரிக்கு ஒரு ஐயோ போடுவாய், நானும் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து எழுதவும் அலுப்பாகத்தான் இருக்கிறது, இந்த ஒரு மாதமாக எனக்கு எல்லாமே அலுப்பாக இருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் குறையவில்லை. கேட்டிலிருந்து கடைசி வரிசை மரம் வரைக்கும் வண்டியில் போய், பழம் பறித்து, மேட்டில் ஏறி இறங்கித் திரும்புகிற அந்தச் சவாரிக்காகவே பாதிப் பேர் வருகிறார்கள். வண்டியை இழுப்பது இன்னும் பெரியவர்தான். உன்னைவிடப் பதினைந்து வயது மூத்த அந்த டிராக்டருக்கு நீ வைத்த பெயரை இப்போது வருகிறவர்களும் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வண்டியில் பெஞ்சு இரண்டு, பதினெட்டுப் பேர் உட்காரலாம், பதினெட்டுப் பேரும் ஒரே ஒரு இரும்புப் பின்னை நம்பித்தான் உட்காருகிறார்கள். வண்டியை எப்படி மாட்டுவோம் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், அப்போதுதான் நடந்தது புரியும். அப்பா பெரியவரை மெதுவாக ரிவர்ஸில் கொண்டுவருவார், நான் நடுவில் நின்று வண்டியின் முன்சட்டத்தைக் கட்டையிலிருந்து தூக்கிப் பிடிப்பேன், இரண்டு துளையும் நேராக வந்ததும் ஒரு கையைக் காட்டிப் போதும் என்பேன், அவர் நிறுத்துவார், நான் பின்னைப் போட்டு, அது எகிறாமல் கிளிப் மாட்டி, சங்கிலியையும் கோத்துவிடுவேன். எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அணைத்தால் பெரியவர் திரும்பக் கிளம்ப அரை மணி நேரம் அடம் பிடிப்பார், கேட்டில் ஆட்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், அதற்குப் பயந்தே இருபத்திரண்டு வருஷமாக அணைக்காமல் வேலை பார்த்தோம். ஓடுகிற டிராக்டருக்கும் வண்டிக்கும் நடுவில் ஆள் நிற்கக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியாததில்லை, தெரிந்தேதான் நின்றேன்.

போன மாதம் இரண்டாவது ஞாயிறு காலை முன்சட்டத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டை நழுவிவிட்டது. சட்டம் என் காலில் விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அப்பா வந்துகொண்டிருந்தார். போதும் என்றேன், நிற்கவில்லை, இன்னும் இரண்டு தடவை கத்தினேன், கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டேதான் வருகிறார், ஆனால் நிறுத்தவில்லை. டிராக்டரின் பின்பக்கம் என் இடுப்பில் முட்டி, என்னை வண்டியின் முன்பலகையோடு சேர்த்து அழுத்திய பிறகுதான் என் முகத்தைப் பார்த்து கிளட்சை மிதித்தார். பயப்படாதே, எலும்பு எதுவும் உடையவில்லை, டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டார். தொடையில் தட்டு அளவுக்குக் கன்றிப்போயிருந்தது, இப்போது மஞ்சளாகி மங்கிவிட்டது, குனிந்தால் மட்டும் இன்னும் சுரீர் என்கிறது. அப்பா இறங்கி வந்து, கை காட்டாம ஏன் நின்னே என்று என்னையே கேட்டார். கேட்டில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் அங்கே சண்டை போட எனக்கு மனம் வரவில்லை.

நான் செய்ததும் சரியில்லை. அன்றே சவாரியை நிறுத்தியிருக்க வேண்டும். ஆட்கள் வந்து நிற்கிறார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்பெஞ்சில் ஏறி உட்கார்ந்தேன். மேட்டில் ஏறும்போது ஒரு அம்மாவின் பை கீழே விழுந்தது, வண்டியில் இருந்த அத்தனை பேரும் நிறுத்துங்க நிறுத்துங்க என்று கத்தினார்கள், உன் அப்பா ஜம்மென்று ஓட்டிக்கொண்டே போனார். பை விழுந்ததற்குப் பதிலாக ஆள் விழுந்திருந்தால் என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவர் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று, கேட்கிறதா என்று பார்க்க, உங்க தம்பி ஒரு வாரம் தங்குறதுக்கு வந்திருக்கார் என்றேன். தம்பி வருகிறார் என்றாலே தோட்டத்தின் கோடிக்கு ஓடுகிற மனிதர், தன் பாட்டுக்குத் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார். இத்தனை நாளும் என் கையைப் பார்த்துத்தான் நிறுத்தியிருக்கிறார், எனக்குத்தான் என் வாய்க்கு ஏதோ மரியாதை இருக்கிறது என்று நினைப்பு.

காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக மூன்று நாள் மல்லுக்கட்டினேன். வண்டிச் சத்தத்துல எவனுக்குத்தான் கேக்கும் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார், கடைசியில் வந்தார். இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காதில் பாதிதான் மிச்சம், பெரியவரின் மேல் இத்தனை வருஷம் உட்கார்ந்த பலன் என்றார் டாக்டர். காதில் மாட்டுகிற மெஷின் கொடுத்தார்கள், எல்லாரும் குடத்துக்குள்ளிருந்து பேசுற மாதிரி இருக்கு என்று கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டார். இனிமேல் நீங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்ட வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு நான்கு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார், எனக்கும் கெஞ்சத் தெம்பில்லை. ஐந்தாவது நாள் சாவியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, ஓட்டுறவங்களுக்குத்தான் காது வேணும், பின் போடுறவனுக்குக் கண்ணு போதும் என்றார்.

அதனால் உன் அம்மா இந்த அறுபதாவது வயதில் டிராக்டர் ஓட்டுகிறாள், சிரிக்காதே. மூன்று வாரம் காலி வண்டியை இழுத்துப் பழகினேன், முதல் நாள் வேலியில் ஒரு கல்லைச் சாய்த்தேன். இப்போது வண்டிச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு அப்பா ஓரமாகத் தள்ளி நிற்பார். நான் ரிவர்ஸில் வந்து, அவர் போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையைக் காட்டியதும் நிறுத்தி, நியூட்ரலுக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்குவேன். அதன் பிறகுதான் அவர் உள்ளே போவார். வெல்டர் வந்து சட்டத்துக்குச் சுற்றினால் ஏறி இறங்குகிற ஒரு உருளை ஜாக்கி வைத்துக் கொடுத்துவிட்டார், யாரும் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. சங்கிலியையும் மாற்றி, இரண்டாக, சட்டத்துக்கு அடியில் குறுக்கே மாட்டுகிறோம், பின் போனாலும் சட்டம் தரையில் குத்தாது. எல்லாம் மாட்டி, கிளிப்பைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஆட்களை ஏறச் சொல்கிறோம். பெரியவர் அரை மணி நேரம் அடம் பிடித்தால் பிடிக்கட்டும், ஆட்கள் காத்திருக்கட்டும். போன ஞாயிறு பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு போய்வந்தேன்.

இப்போது இந்தக் கடிதம் எதற்கு என்பதற்கு வருகிறேன். டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் அப்பா தானாகவே சொன்னார். ரெண்டு வருஷமா அவ போன்ல பேசுறது ஒண்ணும் கேக்கல, ஆமா சரின்னு சொல்லிட்டு உன்கிட்ட குடுத்துடுவேன், ஏதாவது கஷ்டத்தைச் சொல்லி நான் பாட்டுக்கு ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றது, அந்தப் பயம்தான் என்றார். நீயோ ஒவ்வொரு தடவையும், நான் இவ்வளவு தூரம் வந்துட்டேன்னு அப்பாவுக்கு இன்னும் கோபமா, ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்கிறாரே என்று என்னிடம் கேட்டாய். நானும் விசாரிக்காமல், அவர் சுபாவமே அப்படித்தான் என்று சொல்லிச் சொல்லி உன் வாயை அடைத்தேன். இரண்டு வருஷம் நீ அதைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறாய், அதை நினைத்தால்தான் எனக்குத் தொடை வலியைவிட அதிகமாக வலிக்கிறது. அவருக்குக் கோபம் இல்லை கண்ணு, ஒரு நாளும் இருந்ததில்லை. நீ அப்படி நினைக்கிறாய் என்று அவருக்கு இன்னும் தெரியாது, நான் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவள் நீதான்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேலை வேலை என்று முதுகை ஒடித்துக்கொள்ளாதே, நீ தொட்டதெல்லாம் துலங்கி நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று மட்டும் செய். அடுத்த கடிதத்தை அப்பாவின் பெயருக்கே எழுது, அவர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. என்னிடம் கேட்டதை அவரிடமே கேட்டு எழுது. படித்துவிட்டு அழுவார், அழட்டும், இந்த வீட்டில் இந்த ஒரு மாதமாக நான் மட்டும்தான் அழுதுகொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு, உன் முகத்தைப் பார்க்க ஏங்கும்
அம்மா