மறைவுத் தேதி இல்லாத குருமார்கள்

ஆடி 6, செவ்வாய்

தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் பிரேம் கடையில், தியாசபி எனும் பிரம்மஞான சபைக் கூட்டங்களுக்குப் போகும் சார் ஒருவர் தன் குருமார்கள் இருவரின் படத்தைச் சட்டம் போடக் கொடுத்திருந்தார். இன்று வாங்க வந்தார். முதலாளி அண்ணன் வழக்கம்போல் சந்தன மாலை மாட்டிவிட்டு, "மறைவுத் தேதி சொல்லுங்க சார், எழுதிடலாம்" என்றார்.

"அவங்க மறையலையே. இமயமலைப் பக்கம் இருக்காங்க."

"இவ்ளோ பழைய படம், இன்னுமா உயிரோட கீறாங்க? ஜோக் அடிக்காதீங்க சார்!"

சார் முகம் சுருங்கிவிட்டது. படத்தை வாங்காமலே படியிறங்கினார். நான் வாய் திறந்துவிட்டேன்.

"அண்ணா, பௌத்தத்துல போதிசத்துவர்னு உண்டு. தனக்கு முக்தி கிடைக்கிற நேரத்துலயும், மத்தவங்க கரையேறட்டும்னு இங்கேயே நிக்கிறவங்க. தன்னோட குருமார்களும் அப்படித்தான்னு சார் நம்புறாரு. மாலை வேணாம்ணா."

படத்தோடு இருந்த சின்னப் புத்தகத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்திருந்தேன்.

அண்ணன் மாலையைக் கழற்றினார். படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சார் திரும்பி வந்தார்.

"எந்த காலேஜ்மா?"

"ஒன்பதாவதோட நின்னுட்டேன் சார்."

இதைச் சொல்லும்போது எப்போதும் தரையைப் பார்ப்பேன். இன்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.