முகம் பார்க்காமல் போட்ட டிக்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மருமகளும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. புயல் போய் இன்றோடு பதினோரு நாள். சமையலறைக் கூரை போய்விட்டது, மற்றதெல்லாம் நிற்கிறது, கரண்ட் நேற்றுத்தான் வந்தது. புயலுக்காகப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது முக்கியமானதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். மனிதர் சர்க்கரை மாத்திரையை விட்டுவிட்டு டிவி ரிமோட்டைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அதைச் சொல்லிச் சொல்லியே அவரை ஒரு வழி பண்ணிவிட்டேன். சிரிப்பு அதோடு சரி, இனி எழுதப்போவது வேறு.

எங்கள் பள்ளியைத்தான் முகாமாக ஆக்கினார்கள், தலைமை ஆசிரியை என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அரசாங்கத்தை மொத்தமாகக் குறை சொன்னால் அது பொய். இரண்டு நாள் முன்பே ஒலிபெருக்கி வண்டி தெருத் தெருவாகப் போனது, லாரி வந்தது, வர மாட்டேன் என்றவர்களைப் போலீஸ்காரர்கள் கெஞ்சியும் அதட்டியும் ஏற்றினார்கள். ஆனால் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நான்கு கழிப்பறை, ஜெனரேட்டர் வந்தது, அதற்கு டீசல் வரவில்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பெண் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணி, எந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று கேட்பாள். பாவம், அவளுக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. ஆள் பாக்கி இருக்கும் தெருவுக்குத்தான் படகு போகும், எல்லாரும் வந்துவிட்டார்கள் என்றால் அந்தத் தெருவைப் பட்டியலில் அடித்துவிடுவார்கள். இருந்ததே மூன்று படகு.

நம் வீட்டுக்குப் பின்சந்து டெய்லரை நீ மறந்திருக்க மாட்டாய். வளருகிற பிள்ளை என்று உன் கால்சட்டையை எப்போதும் இரண்டு விரல் நீளமாகத் தைப்பாரே, அவர்தான். புயலன்று மாலை நாலு மணிக்கு அந்தச் சந்துக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் பெயர் வந்தபோது அவர் மனைவி, பின்னாடியே வர்றாரு டீச்சர், மிஷின் ரெண்டையும் பரண்ல ஏத்திட்டு இருக்காரு, நீங்க போட்டுக்குங்க என்றாள். என் காதில் போன், அந்தப் பெண் எண்ணிக்கை கேட்டுக்கொண்டிருந்தாள். டிக் போட்டுவிட்டேன். நாற்பத்துமூன்று பேர், சந்து முழுக்க வந்தாச்சு என்றேன். வகுப்பில் ஒருத்தனுக்காக இன்னொருத்தன் உள்ளேன் டீச்சர் என்று குரல் கொடுத்தால் தலை நிமிராமலே பிடித்துவிடுகிறவள் நான், உன்னையே இரண்டு தடவை பிடித்திருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் ஏமாறாதவள் அன்றைக்கு ஏமாந்தேன். அதற்குப் பிறகு கேட்டபோதெல்லாம் தலைகளை எண்ணவும் இல்லை, அதே எண்ணையே ஒப்பித்தேன். ஆண்களுக்கு மாடி, பெண்களுக்குக் கீழ் அறைகள் என்று பிரித்திருந்ததால், அவர் மாடியில் இருக்கிறார் என்றே அவர் மனைவியும் நினைத்துவிட்டாள். விடிந்ததும் மாடி முழுக்கத் தேடிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். உடனே போன் பண்ணினேன். அந்தச் சந்து முடிஞ்சுதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, படகெல்லாம் ஆத்துக்கு அக்கரைக்குப் போயிடுச்சே என்றாள் அந்தப் பெண். ஒரு படகு திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. சுவர் விழுந்து கால் மாட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கிடந்திருக்கிறார். காலையில் சந்து முனையிலேயே ஒரு படகு போயிருக்கிறது. சத்தம் கேட்டுச்சு டீச்சர், கூப்பிட்டேன், நிக்கல என்று ஆஸ்பத்திரியில் என்னிடமே சொன்னார். உயிர் இருக்கிறது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மிஷின் மிதிக்கிற கால்.

போன வாரம் விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். எச்சரித்தும் வெளியேற மறுத்தவர் என்று டெய்லரைப் பற்றி முன்கூட்டியே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல டீச்சர், இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும் என்றார். ஓய்வு பெற ஆறு மாசம்தான் இருக்கு, வம்பை விலைக்கு வாங்காதே என்று அப்பாவும் சொன்னார். என்னால் முடியவில்லை தம்பி. ஆளைப் பார்க்காமலே வந்துவிட்டார் என்று குறித்தவள் நான், படகு போகாததற்கு அதுதான் காரணம் என்று தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன செய்வார்களோ தெரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடமும் சொன்னேன். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர், மிஷின் ரெண்டும் நனையாம இருக்கா டீச்சர் என்று மட்டும் கேட்டார். இருக்கிறது, நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். அதையாவது பார்த்துவிட்டுச் சொன்னேன்.

இத்தனையும் உனக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான்கு மாதமாக நான் எப்போது கூப்பிட்டாலும் மருமகள்தான் எடுக்கிறாள். நல்லா இருக்காரு அத்தை, தூங்குறாரு, வேலை ஜாஸ்தி என்கிறாள். புயலுக்கு மறுநாள் நலம் விசாரிக்கக் கூப்பிட்டவளும் அவள்தான். அவளை ஒரு வார்த்தை சொல்லாதே, அந்த டெய்லர் மனைவி மாதிரி அவளும் நல்ல மனதோடுதான் சொல்கிறாள். தப்பு என்னுடையது. அவள் சொல்லச் சொல்ல நானும் சரி என்று உன் பெயருக்கு நேரே டிக் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். உனக்கு என்ன தம்பி? வேலையா, உடம்பா, மனசா? நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்றே சொல், அம்மா இடிந்துபோக மாட்டேன். ஆனால் உனக்காக இன்னொருவர் குரல் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், அதுதான் எங்கள் இருவரின் ஆசியும். அப்பா போன் தண்ணீரில் போய்விட்டது, என் நம்பருக்கே கூப்பிடு. ஞாயிறு காலை பத்து மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முகம் தெரிகிற மாதிரிக் கூப்பிடு.

உன் பெயரைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கும்,
அம்மா