செல்வி பேசிய நாலு நிமிடம்

அக்கா,

இன்று காலை பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் புது மோட்டார் சைக்கிள் வந்து இறங்கியது. பொட்டு வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் எந்த இயந்திரத்துக்கும் முதல் பொட்டு என் கையால்தான் என்பது உனக்கே தெரியும். விளக்குக்கு வைத்தேன், கைப்பிடிக்கு வைத்தேன். சாவித் துளைக்குப் பக்கத்தில் போனதும் விரல் நின்றுவிட்டது. சந்தன வாசம் மூக்கில் ஏற, "கண்ணுல தூசி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கையைக்கூடக் கழுவாமல் உனக்கு எழுதுகிறேன்.

அந்த லேப்டாப் வந்தபோது உன் மகள் செல்வி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம். நம் லயத்தில் போன் சிக்னல் கிடையாது. மேட்டு வளைவு வரை ஏறினால்தான் பேசலாம். நெஞ்சுவலி வந்த பிறகு உனக்கு வாசல்படி இறங்குவதே பெரும்பாடு. மகள் குரலைக் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. அதனால்தான் அவள் தான் பேசுவதைப் படம் பிடித்து, பழைய லேப்டாப் ஒன்றில் போட்டு, அங்கிருந்து ஊருக்கு வந்த, பக்கத்து ஊர் ஹாலிஎலப் பெண் ஒருத்தியிடம் கொடுத்தனுப்பினாள்.

"தம்பி, நீயே போட்டு வுடு. அவ கொரலு கேட்டாப் போதும் எனக்கு" என்றாய்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் என் காலடிச் சத்தம் கேட்டால் ஃபேக்டரி ரோலர் தானாகச் சுற்றும் என்றும், தோட்டத்தை நடத்தும் துரையே என்னைக் கேட்டுத்தான் எஞ்சினில் கை வைப்பார் என்றும் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அதில் பாதியாவது நிஜம். அன்று வெள்ளிக்கிழமை. லேப்டாப்பைப் பலகையில் வைத்து, கற்பூரம் காட்டி, மூடிக்கு மூன்று பொட்டு வைத்தேன். பக்கவாட்டில் வட்டமாக ஒரு துளை இருந்தது. லொறிக்குச் சாவித் துளையில்தானே உயிர்? இதற்கும் அதுதான் என்று நினைத்து, சந்தனத்தை விரலால் அழுத்தி வைத்தேன். லயமே கும்பிட்டது.

படம் ஓடியது. செல்வியின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

சத்தம் கூட்டும் பட்டனை அழுத்தினேன். அணைத்துப் போட்டேன். பெட்டரியைக் கழற்றி வெயிலில் வைத்தேன். ரேடியோவைத் தட்டுவது போல முதுகில் தட்டினேன். அடுத்த வீட்டு மாரி, "ஏண்ணே, ஒங்க காலடிச் சத்தம் ரோலருக்குக் கேக்குமாமே, இதுக்குக் கேக்கலியாக்கும்?" என்று சிரித்தாள்.

"டவுனுக்குக் கொண்டு போயேன் தம்பி" என்றாய்.

"பதுளக் கடக்காரனுக்கு என்னா தெரியும்? நல்ல சாமானக் கழட்டிப்புட்டு ஓட்டச் சாமானப் போட்டுருவான்."

கொண்டு போயிருந்தால் அன்று பின்னேரமே சரியாகியிருக்கும். மாரி சிரித்த பிறகு எனக்கு மனசு வரவில்லை, அக்கா.

"ஒதடு அசையிறத வச்சே நான் சொல்லிருவேன்" என்று ஆரம்பித்தேன். "மேடம் தங்கமானவளாம். மூணு வேளையும் கறிச்சோறாம். தனி ரூமு, தனி மெத்தையாம்."

நீ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்ப ஏன்டா கண்ணத் தொடைக்கிறா?"

"சந்தோசத்துல."

நீ பெருமூச்சு விட்டாய். "அப்பிடின்னா அங்கயே இருந்து நல்லா வரச் சொல்லு."

மறுநாள் வளைவுக்கு ஏறி அவளிடம் போனில் அதைச் சொன்னேன். "அம்மா முழுசாக் கேட்டாங்களா மாமா?" என்றாள் செல்வி. "ஒரு தரமில்ல, மூணு தரம் கேட்டாங்க" என்றேன். பிறகு "சரி மாமா" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் பதுளை ஆஸ்பத்திரியில் நீ கண்ணை மூடினாய்.

கருமாதி முடிந்து லேப்டாப்பை டவுனுக்குக் கொண்டு போனேன். கடைக்கார முஸ்லிம் நானா ஒரு ஊசியால் துளையைக் கிண்டினார். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது.

"என்ன அண்ணே இது, சந்தனமா? காதுல மாட்டுற வயர் சொருகுற ஓட்டை இது. உள்ள அடைச்சிருந்தா வயர் மாட்டியிருக்குன்னு நெனச்சு வெளிய சத்தம் வுடாது."

ஐந்து நிமிட வேலை. கடை நடுவில் செல்வியின் குரல் கேட்டது. கறிச்சோறும் இல்லை, மெத்தையும் இல்லை. ஊருக்கு வரட்டுமா என்று உன்னிடம் கேட்டிருந்தாள்.

நீ அதைக் கேட்கவே இல்லை என்று அவளிடம் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் அதே வீட்டில் இன்னும் இரண்டு வருடம் இருந்துவிட்டுத்தான் வந்தாள். பதுளை ஸ்டேஷனில் இறங்கியதும் முதல் கேள்வி: "அதையெல்லாம் கேட்டுட்டுமா மாமா, அம்மா அங்கயே இருன்னு சொன்னாங்க?"

வாய்வரை பத்துக் கதை வந்தது. விழுங்கிவிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப அம்மா என்னைய வேணாங்கலயா?" என்று பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். பெட்டியைத் தூக்கக் கை நீட்டினேன். விடவில்லை.

இப்போது பேசுகிறாள். போனால் தேத்தண்ணி கொடுக்கிறாள். நான் கதை ஆரம்பித்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

லேப்டாப் செத்துப் பல காலமாகிறது. அந்த நாலு நிமிடமும் எனக்கு மனப்பாடம். கடைசியில் அவள் கேட்டதை எழுதுகிறேன். இதில் ஒரு சொல்கூட நான் போட்டதில்லை, அக்கா.

"அம்மா, இங்க என்னால முடியலம்மா. கையெல்லாம் பொத்துப் போச்சு. கொழுந்து பறிச்சாலும் ஒன் பக்கத்துல நின்னு பறிக்கிறேன். வான்னு ஒரு வார்த்த சொல்லு, வந்துர்றேன். சொல்லுவியாம்மா?"